மணி அடிக்கும் அண்ணாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

ஆட்டிசம் என்கிற மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள என் மகன் மறுபடி பள்ளிக்குப் போகிறான். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் பள்ளியில் மணி அடிக்கும் அண்ணாவுக்கு. அண்ணா, உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மணிச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவதை நீங்களாகவே கவனித்திருக்கிறீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் முன் வகுப்பு ஜன்னலோரம் வந்து விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறீர்கள். அவன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தம் உடம்பு வலி போலவே இருக்கும். அது எந்த நேரம் வரும் என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தால் பாடம் எங்கே ஏறும்? இப்போது கணக்கு நோட்டில் பாதியில் நின்றுபோகாத பக்கங்களைப் பார்க்கிறேன்.

நீங்கள் லீவு போட்ட அன்று பதிலுக்கு வந்தவரும் விரல் காட்டினார் என்று மகன் சொன்னான். மறக்காமல் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அன்றன்றைய பாடவேளைகளைப் பட அட்டைகளாக ஒட்டி வைக்கும் வகுப்பாசிரியை, எழுத வராததை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போட்ட சிறப்பாசிரியர், அவனுக்கென்று பக்கத்தில் இடம் பிடித்து வைக்கும் தோழி, எல்லோருக்கும் நன்றி.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து படிப்பதுதான் உள்ளடக்கிய கல்வி. பள்ளியில் இடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற ஏற்பாடும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த ஏற்பாடு ஜன்னலில் தெரியும் ஒரு விரலாகவும் இருக்கலாம் என்பதை அண்ணாவிடம்தான் பார்த்தேன்.

டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுதச் சிரமம்), ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் பள்ளியிடம் எதையும் கேட்கத் தயங்குகிறீர்கள். கேட்பது சலுகை இல்லை, பிள்ளையின் உரிமை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம், தலைமையாசிரியரைப் பார்க்கவும் நான் கூட வருகிறேன். எந்த நாளானாலும் சரி.

நன்றியுடன்,
ஒரு அம்மா