பதினான்கு சட்டைகள்

சிகாகோ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருப்பது கேட்டு நிம்மதி. உனக்கு நான்காவது மாற்றல் என்று படித்ததும் எட்வின் ஜாக்சன் ஞாபகம்தான் வந்தது.

அவர் பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அமெரிக்க ராணுவ வீரரின் மகனாக ஜெர்மனியில் பிறந்தவர். மேஜர் லீக் என்ற இங்குள்ள முதல்தரப் போட்டியில் 14 அணிகளுக்கு வீசினார். அதுவரை யாரும் அத்தனை சட்டை மாற்றியதில்லை. 2003இல், சரியாகத் தன் 20ஆவது பிறந்தநாளில், டாட்ஜர்ஸ் அணிக்கு முதல் ஆட்டம். எதிரணிக்கு வீசியவர் ராண்டி ஜான்சன், அப்போதே பெரும்பெயர் பெற்ற பிட்சர். ஆனாலும் ஜெயித்தது இந்தப் பையன்தான்!

2010 ஜூன் 25 ஆட்டத்தை நீ அவசியம் தேடிப் பார். அப்போது அவர் அரிசோனா அணியில். எதிரணி டாம்பா பே, முன்பு அவரே ஆடிய அணி. பந்து சொன்ன இடத்துக்குப் போகவே இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேரை வரிசையாக நடக்கவிட்டார்; நான்கு பந்து குறி தவறினால் மட்டையாளர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம், அதுதான் 'வாக்'. ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய மூன்று பேஸிலும் ஆள், ஒருவர்கூட அவுட் இல்லை. அதிலிருந்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் மீண்டார். மொத்தம் 149 பந்துகள், எட்டு வாக், ஆனால் பந்தை அடித்து பேஸுக்குப் போகும் 'ஹிட்' ஒன்றுகூட இல்லை. 1-0 என்று வெற்றி. அப்படி வீசியவரை ஐந்தே வாரத்தில் வொயிட் சாக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், சேகர்!

அடுத்த வருடம் ஒரே நாளில் வொயிட் சாக்ஸிடமிருந்து டொராண்டோவுக்கு, அங்கிருந்து செயின்ட் லூயிஸுக்கு. செயின்ட் லூயிஸ் அந்த வருடம் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரையே ஜெயித்தது. டொராண்டோவுக்கு அப்போது அவர் ஆடவே இல்லை; அந்தச் சட்டையைக் கடைசியில் போட்டது 2019இல். அதுதான் பதினான்காவது.

பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பேரிலும் எழுதுவார்கள். 2013இல் இங்கே கப்ஸ் அணியில் 18 ஆட்டம் தோற்றார். அதில் ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் அட்டை வைத்து, ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து திட்டினார். பெரியவர் நிமிரவே இல்லை. "அஞ்சு நாள் கழிச்சு மறுபடி இவர்தான் வீசுவார். நானும் வருவேன்" என்றார்.

மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. பலர் அந்த 133ஐத்தான் சொல்வார்கள். எனக்கோ அத்தனை தோல்விக்குப் பிறகும் அவரை நம்பி யாரோ பந்தைக் கொடுத்தார்களே என்பதுதான் பெரிதாகப் படுகிறது. 37 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கினார்.

சரி, சாமான் எல்லாம் போய்ச் சேர்ந்ததும் புது விலாசம் எழுது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைந்ததா என்றும் சொல்.

அன்புடன்,
கணேசன்