லாபம், ரெண்டு, மூணு… ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் அப்பத்தா காலமானார். என் சொந்த அப்பத்தா இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் நான் எலும்பு மருத்துவராக வேலை பார்க்கும் அரசு மருத்துவமனைக்கு, 2022 அக்டோபரில், 86 வயதில் இடுப்பு முறிந்து வந்தவர். வார்டே அப்பத்தா என்று கூப்பிட்டதால் எனக்கும் அப்பத்தா ஆனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்த் திரும்பிய இரவில் இதை எழுதுகிறேன். அவரை எழுந்து நடக்க வைத்தவர்களில் பலருக்கு நான் அன்றைக்கு வாய் திறந்து ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மாட்டுக் கொட்டத்தில் சாணம் அள்ளும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். முதலில் நாட்டுக் கட்டு, பச்சிலைப் பத்து. மூன்றாம் நாள் பேரன் பிடிவாதமாக 108-ஐக் கூப்பிட்டான். தெருவுக்குள் வண்டி நுழையாது. கயிற்றுக் கட்டிலோடு அவரை மெயின் ரோடு வரைக்கும் தூக்கி வந்த நான்கு பேரை எனக்கு முகம் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்தது அந்த வண்டியில் வந்த மருத்துவ உதவியாளருக்கு. இரண்டு காலுக்கும் நடுவே பழைய சேலையைச் சுருட்டி வைத்து, அசையாமல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே என்னிடம், “சார், பாட்டி மூணு நாளாத் தண்ணியே குடிக்கல. ஒண்ணுக்குப் போக அடுத்தவங்களத் தொந்தரவு பண்ணணுமேன்னு நிறுத்திட்டாங்க” என்றார். வழியில் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த அந்த ஒரு சேதிதான் அப்பத்தாவின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது. வந்த உடனே சலைன் ஏற்றினோம்.

கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே பார்க்கும் முன்பே இடுப்பு முறிவு என்று தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு. இதை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிடுவதே நல்லது. மூன்று நாள் போய்விட்டது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8 கிராம்தான். இந்த வயதில் இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் மூன்றில் ஒருவர்கூட, ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். படுக்கையோடு விட்டால் நிலைமை இன்னும் மோசம். புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். இதெல்லாம் தெரிந்த நானே, மகன்களைத் தனியே கூட்டிப்போய், “வீட்டுல வச்சுப் பாத்துக்கிறீங்களா?” என்று கேட்டேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “என்னயக் கேட்டீகளா தம்பி? காலு என்னோடதுல்ல.”

பக்கத்தில் போய் நின்றேன். “செவலப் பசு செனையா இருக்கு. கார்த்திகைல ஈனும். என்னயத் தவிர வேற யாரு பக்கத்துல போனாலும் உதைக்கும். நான் எந்திரிக்கணும்” என்றார். கெஞ்சவில்லை, அழவில்லை. வேலை கிடக்கிறது என்கிற குரல்.

எனக்கு அதன் பிறகுதான் தைரியம் வந்தது. அடுத்து, மயக்க மருந்து டாக்டர் அம்மாவுக்கு நன்றி. முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டுச் செய்வோம் என்று பொறுப்பெடுத்து, அறுவை முடியும்வரை தலைமாட்டில் உட்கார்ந்து அப்பத்தாவோடு மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி வைத்தோம். செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. குடும்பத்துக்குக் கடன் இல்லை.

ரத்தம் ஓ நெகட்டிவ். கடைசியாக ரத்தம் கொடுத்து மூன்று மாதம் நிறைந்திருந்தது ஒரு மினி பஸ் ஓட்டுநருக்கு. இரவு கடைசி டிரிப்பை முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று நாங்கள் சொன்னதால், கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். தம்பி, நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அன்று கேட்கவில்லை. இவருக்குத்தான்.

அறுவை முடிந்த இரண்டாம் இரவு அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறியது. இறந்துபோன கணவரைக் கூப்பிட்டார், ஊசிக் குழாயைப் பிடுங்கினார். முதியவர்களுக்கு இது வரும், சில நாளில் தெளியும். ஆனால் அந்த நேரத்தில் கையைக் கட்டிப்போட்டால் இன்னும் மிரண்டுபோவார்கள். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் கட்டவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார், விளக்கைப் போட்டார், விடியும்வரை வந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். 38 நோயாளிகளுக்கு ஒருவராக இருந்த இரவு அது, சிஸ்டர். எனக்குத் தெரியும்.

தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? “நீ தண்ணி குடி அப்பத்தா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிச் சொல்லியே குடிக்க வைத்தவர் அவர். அப்பத்தா முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார். வாக்கர் தெருமுனை மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. அவருடைய அம்மா வைத்திருந்தது. முதல் அடி எடுத்து வைத்தபோது அப்பத்தா எண்ண ஆரம்பித்தார். “லாபம்… ரெண்டு… மூணு…” களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அறுபது வருஷம் மரக்கால் பிடித்த கை அந்த வாக்கரைப் பிடித்திருந்தது. உதடு வலியில் கோணியது, எண்ணிக்கை நிற்கவில்லை. அன்று ஏழு அடி. டிஸ்சார்ஜ் அன்று வார்டு வாசல்வரை போய்த் திரும்பினார். இன்றைக்கும் எங்கள் வார்டில் யாரை முதலடி நடக்க வைத்தாலும் பிசியோ தம்பி லாபம் என்றுதான் தொடங்குகிறார்.

வீட்டுக்குப் போன பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்து பயிற்சி கொடுத்த தங்கைக்கும் நன்றி. பாட்டி சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று எனக்கு இரண்டு முறை போன் செய்தார். கொட்டத்துக்குப் போய்விட்டாராம்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. வரிசையில் ஒரு வாக்கர், அதில் தொங்கும் சில்வர் தூக்குவாளி. உள்ளே சீம்பால், ஏலக்காய் தட்டிப்போட்டுக் காய்ச்சியது. “கெடேரி போட்ருக்கு தம்பி” என்றார். மயக்க மருந்து அம்மாவுக்கு, நர்ஸுக்கு, அக்காவுக்கு என்று அவரே பங்கு சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷத்துக்கு மேல் இருந்தார். போன மாதம், மத்தியானம் திண்ணையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என்னையும் நினைவில் வைத்துச் சேதி சொல்லி அனுப்பிய மகன்களுக்கு நன்றி.

காரியத்தன்று வாக்கரை மளிகைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை, என் வண்டியில் ஏற்றிவிட்டார். இப்போது பெண்கள் வார்டில் இருக்கிறது. கைப்பிடியில் அப்பத்தா சுற்றிய சிவப்புச் சேலைக் கிழிசலை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தேவைப்படும் வீட்டார் வந்து கேட்டு வாங்கிப் போகலாம்.