பாட்டியின் குரல்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகன் மாற்றலாகிக் கிள்ளானுக்கே வந்துவிட்டது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாளிதழைத் தாமே வாசிக்கிறார். நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது பெயருக்குக்கூட ஒரு ரப்பர் பால்மரம் இல்லை, எங்கு பார்த்தாலும் செம்பனைதான். காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தில் லாரிகளை நிறுத்துகிறார்கள்.

தொலைக்காட்சியில் பழைய படம் பார்த்துவிட்டு, ‘இந்தப் பாட்டி யார்?’ என்று உன் பேத்தி கேட்டாளாமே. பரவை முனியம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பொறுமையாகப் படித்து அவளுக்கும் சொல்.

மதுரையை ஒட்டிய பரவைதான் அவருடைய ஊர். எந்தப் பாகவதரிடமும் உட்கார்ந்து கற்றவரில்லை. வயலிலும் கோயில் கொடையிலும் பாடிப் பாடித் தேறிய தொண்டை அது. ஊர் ஊராக மேடை ஏறி, தெம்மாங்கும் கும்மியும் பாடிப் பிழைத்தவரைச் சினிமா கண்டெடுத்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. 2003-இல் வந்த ‘தூள்’ படத்தில், ஆற்றைக் கெடுக்கும் ஆலைக்கு எதிராக நியாயம் கேட்கக் கிராமத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களோடு போகும் பாட்டி அவர். ‘சிங்கம் போல’ என்று அவர் குரலெடுத்ததும் விக்ரம் சண்டையில் இறங்குவார். இரவுச் சந்தையில் வி.சி.டி. வாங்கி வந்து, அந்த இடத்தை மட்டும் தெருப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தது நினைவிருக்கிறதா? வித்யாசாகரின் இசை பிரமாதம்தான். ஆனாலும் அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கிழவியின் குரல் என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன்.

அதன் பிறகு நிறையப் படங்கள். ‘தமிழ்ப் படம்’ படத்தில் கதாநாயகனின் பாட்டியாக வந்து சிரிக்கவைத்தார். மம்மூட்டி நடித்த ஒரு மலையாளப் படத்திலும் தலைகாட்டினார். ‘மான் கராத்தே’ படத்தில் அனிருத் இசையில் பாடவும் செய்தார். கலைஞர் தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார். சினிமாவுக்குப் போகாத எத்தனையோ பெண்களுக்கு அவர் அறிமுகமானது அப்படித்தான். கலைமாமணி விருதும் வந்தது.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை, தோழி. வந்ததும் தங்கவில்லை. உடல்நலம் கெட்டு வறுமையில் இருக்கிறார் என்று செய்தி வந்த பிறகுதான், 2015-இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, மாதம் 6,000 ரூபாய் வட்டி கிடைக்க வழிசெய்தார். நடிகர்கள் சிலரும் கைகொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கலைஞர், நோயில் படுத்து, அது செய்தியாகி, அதன் பிறகு உதவி வர வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. 2020 மார்ச் 29-ஆம் தேதி அவர் காலமானபோது இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, அங்கே ஊரடங்கு. எத்தனையோ சாவு வீடுகளில் பாடியிருக்கக்கூடிய தலைமுறையைச் சேர்ந்தவருக்குக் கூட்டம் கூடி ஒப்பாரி வைக்க வழியில்லாமல் போனது.

அவருக்கும் முன்னோடி கொல்லங்குடி கருப்பாயி. அகில இந்திய வானொலியில் பாடிக்கொண்டிருந்தவரை 1985-இல் பாண்டியராஜன் ‘ஆண்பாவம்’ படத்துக்கு அழைத்தார். அவரும் 2025 ஜூனில் போய்விட்டார். ஆனால் இருவர் குரலும் நம்மிடம் இருக்கின்றன. யாரோ ஒருவர் ஒலிவாங்கியைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தார், அதனால் இருக்கின்றன. நம் தோட்டத்துப் பெண்கள் பாடியதில் என்ன மிச்சம், சொல்? ரப்பர் காடான தீம்பாரில் நிரை பிடித்து மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டே ஒருத்தி எடுத்துக்கொடுக்க அடுத்த நிரைக்காரி வாங்கிப் பாடுவாளே, அதில் ஒரு வரியாவது எங்கேயாவது பதிவாகியிருக்கிறதா?

இதே நினைப்பாக இருந்து, போன மாதம் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில், தாமான் குடியிருப்பில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்யப்போகிறேன் என்றதும் வாயிலிருந்த வெற்றிலையைப் பால் டின்னில் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தாலாட்டும் கும்மியும் தடையில்லாமல் வந்தன. தொடையில் தட்டித் தாளம் போட்டார். கையைப் பிடித்துக்கொண்டால் பாட்டு நின்றுவிடுகிறது. ஒப்பாரி பாடச் சொன்னேன். ‘பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுக்குள்ளே அதை எடுக்கக்கூடாது’ என்று எழுந்துவிட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போய், ரம்புத்தான் மரத்தடியில் போட்டோம். அங்கே உட்கார்ந்து, செத்துப்போன புருஷனை முன்னிலைப்படுத்திப் பாடினார். அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலை போன கதை அதில் வருகிறது. தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கட்டும் என்று அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் சேரப் பத்து வெள்ளி கட்டக் காதுத் தோட்டை அடகு வைத்ததும் வருகிறது. நான் இத்தனை வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள். எந்தப் பாடநூலிலும் அந்தத் தோட்டைப் பற்றி வாசித்ததில்லை.

வாரந்தோறும் போய்க்கொண்டிருக்கிறேன். பதிவானதை எழுத்தில் இறக்கி, இங்குள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அத்தையைக் கொண்டே பாடிக்காட்ட வைக்க வேண்டும் என்று ஆசை. போக்குவரத்துச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பாடியதற்கு அத்தையின் கையில் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சால்வை போர்த்தி அனுப்பிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நீயும் வர வேண்டும். மின்சார ரயில் இங்கேயே நிற்கிறது, நான் நிலையத்துக்கு வந்துவிடுவேன். உன் அம்மா கல்யாண வீடுகளில் பாடும் நலுங்குப் பாட்டில் அத்தைக்கு இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. ‘மீதி அவளிடம்தான் இருந்தது’ என்கிறார். உனக்கு நினைவிருக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டு வா. பேத்தியையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் தோழி