பொருள்: சூடு கட்டுக்குள் நிற்காத ஓடிஜி (கேக், பிஸ்கட் சுடும் மின்சார அவன்), மறுக்கப்பட்ட வாரன்ட்டி, பாழாய்ப் போன கிறிஸ்மஸ் பெட்டிகள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் டோல் ஃப்ரீ எண்ணிலும் வாட்ஸ்அப்பிலும் ஆப்பிலும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் எடுத்து, "சொல்லுங்க மேடம், என்ன பிரச்சினை" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டவும் வசதி.

நவம்பரில் உங்கள் 45 லிட்டர் ஓடிஜி வாங்கினேன், ஃபேன் உள்ள மாடல். பில்லும் வாரன்ட்டி கார்டும் இணைத்திருக்கிறேன். கோளாறு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில். 160 டிகிரியில் வைத்தால் அங்கே நிற்பதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. சூடு வந்ததும் அணைய வேண்டிய விளக்கு அணைவதே இல்லை, மேல் எலிமென்ட்டும் கீழ் எலிமென்ட்டும் செவசெவ என்று எரிந்துகொண்டே இருக்கின்றன. தனியாக ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். குமிழ் 160-ல் இருக்க, முள் 215-ஐத் தாண்டியது. வீடியோவும் அனுப்பினேன். இதற்கு மேல் நான் என்ன விளக்க, உங்கள் பொருள்தானே, உங்களுக்குத் தெரியாததா?

வந்த டெக்னீஷியனுக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்து, "நல்லா சூடாத்தானே இருக்கு" என்றார். சூடாகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? அப்புறம் சாப்பாட்டு மேஜையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். சிவகாசியில் சொல்லி அச்சடித்து வாங்கியவை, மேலே எங்கள் குடும்பப் பெயரும் கிறிஸ்மஸ் வாழ்த்தும் இருக்கும். "வியாபாரம் பண்றீங்களா?" என்றார். இல்லை தம்பி, சொந்தக்காரர்களுக்கும் தெருவுக்கும் சும்மா கொடுக்கிறது என்றேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டு ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'கமர்ஷியல் யூஸ், வாரன்ட்டி பொருந்தாது.' போகிற போக்கில் வாசலில் உட்கார்ந்திருந்த என் மாமனாரிடம், "வந்துட்டுப் போனதுக்கு அட்டெண்டன்ஸ் தாத்தா" என்று சொல்லி ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. என்ன வெற்றி ஐயா அது, யாருடைய வெற்றி?

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. தீபாவளிக்கு எதிர் வீட்டு ஆச்சி அதிரசமும் முந்திரிக்கொத்தும் கொடுத்துவிடுவார்கள், பெருநாளுக்குப் பின் தெருவிலிருந்து பிரியாணி வரும், கிறிஸ்மஸுக்கு எங்கள் முறை. என் அம்மா காலத்தில் தட்டில் அச்சுமுறுக்கு, கலகலா, ஒரு துண்டு கேக் வைத்து மேலே துணி போட்டு மூடி அனுப்புவார்கள். நான் அதைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். பெட்டி அச்சடித்தால் கம்பெனி என்றால் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் எல்லோரும் கல்யாண வியாபாரிகளா? சரி, அதையும் விடுங்கள். உங்கள் ஓடிஜி வந்த அட்டைப் பெட்டியின் மேல் என்ன படம் போட்டிருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். ரிப்பன் கட்டிய பெட்டி நிறைய குக்கீஸ். கூட வந்த சமையல் குறிப்புப் புத்தகத்தில் பண்டிகைக்குப் பரிசளிக்க என்று தனிப் பக்கமே இருக்கிறது. நீங்கள் சொன்னதைத்தான் நான் செய்தேன்.

இப்போது அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை என்னால் மறக்க முடியவில்லை. டிசம்பர் இரண்டாவது வாரம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், உங்கள் கால் சென்டர் பையன் ஒருவர். ஜாப் ஷீட்டைத் திருத்துங்கள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாலு பிஸ்கட்டுக்கா மேடம் இவ்ளோ டென்ஷன்? கடையில வாங்கி உங்க டப்பாவுல போட்டுக் குடுங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். பக்கத்து சீட்டிலும் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கால் ரெக்கார்ட் ஆகும் என்று தொடக்கத்தில் நீங்களே சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

நாலு பிஸ்கட் இல்லை, என்ன என்று நானே சொல்கிறேன். பெட்டியின் அடியில் ஷார்ட்பிரட். வெண்ணெய் அதிகம், நாள் பட இருக்கும், அதனால் முதலில் அதைச் சுட்டு எடுத்துவிடுவேன். அதன் மேல் பட்டர் பேப்பர், பிறகு சுக்குப் பொடி போட்டு நட்சத்திர அச்சில் வெட்டிய பிஸ்கட், ஓரத்தில் நான்கட்டாய். கேக்கை அதே பெட்டியில் வைத்தால் அதன் ஈரத்தில் மொறுமொறுப்பான எல்லாமே நமத்துப் போகும் என்பதால் அது தனியாக. நடுவில் மக்ரூன். எங்கள் அம்மா தூத்துக்குடிக்காரி, அது இல்லாமல் பெட்டியை மூட விடமாட்டார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சேர்மானம், ஆனால் மிகக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக உலர்ந்து உலர்ந்து வேக வேண்டும், வெள்ளை நிறம் மாறவே கூடாது. உங்கள் ஓடிஜி அதைக் கருப்பட்டி நிறத்தில் எடுத்துக் கொடுத்தது. மேலே கருகல், உள்ளே பிசின். ஷார்ட்பிரட் விளிம்பெல்லாம் கரி, நடுவில் பச்சை மாவு. தட்டைக் கீழே இறக்கி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்று அணைத்து அணைத்துப் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தும் ஒரு தட்டுகூட உருப்படவில்லை. முந்திரியும் வெண்ணெயும் இன்று விற்கிற விலை உங்களுக்குத் தெரியும்தானே? கலகலாவும் அச்சுமுறுக்கும் மட்டும் தப்பித்தன, எண்ணெய்ச் சட்டிக்கு உங்கள் தயவு தேவைப்படாததால்.

போனில் பேசிய உங்கள் ஆட்களில் ஒருவர் எங்கள் வீட்டு வோல்டேஜைக் குறை சொன்னார், இன்னொருவர் தட்டு சரியில்லை என்றார், மூன்றாமவர் ப்ரீஹீட் அதிக நேரம் செய்கிறீர்கள் என்றார். எல்லோரும் சேர்ந்து ஒரு பதிலாவது பேசி வைத்துக்கொள்ளக் கூடாதா?

கொண்டு வந்து கொடுத்தால் பார்க்கிறோம் என்றதும் அதையும் செய்தேன். உங்கள் வெப்சைட்டில் இருக்கும் வண்ணார்பேட்டை சர்வீஸ் சென்டருக்கு, தூறிக்கொண்டிருந்த மழையில், அந்த பெரிய ஓடிஜியைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே மொபைல் கவர் விற்கும் கடை இருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார், "அவங்க காலி பண்ணி ரொம்ப நாளாச்சும்மா, இப்பவும் யாராவது மிக்ஸியத் தூக்கிட்டு வந்து நிக்காங்க." அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டால், "மதுரைக்குக் கொண்டு வந்துடுங்க மேடம்" என்கிறார்கள். ஓடிஜியையும் தூக்கிக்கொண்டு மதுரைக்கு! கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் நாட்கள், ராத்திரி வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு பிஸ்கட் இல்லை. என் வீட்டில் அப்படி ஒரு கிறிஸ்மஸ் இதுவரை வந்ததில்லை. கடைசியில் பெட்டிகளில் பாதிக்குக் கடைக் கேக்கை வைத்துக் கொடுத்தேன், மீதிப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. ஆச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் மக்ரூன் போடலையா தாயீ?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் சேர்த்த பெயர் அத்தோடு போயிற்று. அதற்கு எந்த வாரன்ட்டியில் ஈடு இருக்கிறது?

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் மிக்ஸி எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறது, அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். தயவுசெய்து யாராவது ஒருவர் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முழுசாக வாசியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாசிக்கவில்லை என்றால் அடுத்த வழியும் எனக்குத் தெரியும். என் அத்தை மகன் வக்கீல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்குகிறவரை நுகர்வோராக எடுத்துக்கொள்ளாதுதான், ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கத்தில் வராது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறதாம். அதாவது வீட்டில் கேக் செய்து விற்றுப் பிழைக்கிற பெண்ணையே நீங்கள் இப்படித் தட்டிக்கழிக்க முடியாது, ஒரு ரூபாய் வாங்காமல் கொடுக்கிற என்னை எப்படித் தட்டிக்கழிப்பீர்கள்? 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. மதுரைக்கு நான் வரவேண்டியதில்லை, நீங்கள்தான் இங்கே வரவேண்டியிருக்கும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஓடிஜியை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். வீணான சாமானுக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவைக் கணக்கிட்டு இணைத்திருக்கிறேன், அதையும் தாருங்கள். 'கமர்ஷியல் யூஸ்' என்று எழுதியதை அடித்துத் திருத்திய ஜாப் ஷீட் எனக்கு வரவேண்டும். அந்தப் பையனின் வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னதற்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு மன்னிப்பு வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள், எழுத்தில். போனில் வேண்டாம்.

எடுத்துப் போக வருகிறவர் வண்டியோடு வரட்டும், நான் இனி அதைத் தூக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குப் போய்விடுவோம், அப்போது வந்து 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம். ஓடிபியை இனி நான்தான் சொல்வேன், அதுவும் புது ஓடிஜியில் 160-ல் வைத்து அந்த விளக்கு அணைவதைப் பார்த்த பிறகுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு),
பாளையங்கோட்டை