கர்ப்பிணிகளிடம் கொஞ்சம் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் என் தங்கைக்கு இது ஏழாம் மாதம். விடியவே ஓட்டோ பிடித்து கிளினிக் போனால் மத்தியானம்தான் திரும்புவாள். அங்கே அவளோடு பேசுவது இரண்டு நிமிடம்கூட இல்லை. தலையிடி, கண் மங்குது என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படியே வந்துவிட்டாள். பிரஷர் கூடுவதன் அறிகுறி அல்லவா அது! இரண்டு நாள் கழித்து, கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பார்க்கும் மருத்துவமாதுதான் ஆறுதலாகக் கேட்டறிந்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த மருத்துவமாதுக்குக் கோடி புண்ணியம்.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 சந்திப்புகள் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. சரி, மாரியில் படுவான்கரையின் வவுணதீவு, வெல்லாவெளிப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கினால் தாய்மார் எப்படிப் போவது? மழைக்கு முன்பே உள்ளூர்களில் நடமாடும் கிளினிக் வையுங்கள். மருத்துவமாதுக்களையும் கூடுதலாக நியமியுங்கள்.

வாசகி,
மட்டக்களப்பு