பெயர் கேட்பதற்கு முன்னால்: தோழருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நோட்டீஸில் பெயர் கொடுத்த அமைப்புகளில் பாதிகூட ஆர்ப்பாட்டத்துக்கு வரவில்லை, வந்தவர்களும் பேனரோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அவர்களுக்கு அக்கறையே இல்லை என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்டது பெயர். அவர்களும் பெயரைக் கொடுத்தார்கள். அதற்கு மேல் கேட்கும் உரிமை நமக்கு எப்படி வருகிறது என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

1977-இல் சான்பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டத்தைப் பாருங்கள். அரசு நிதியில் நடக்கும் எதிலும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும் 504-ஆவது பிரிவை அமல்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் நூறு பேருக்கு மேல் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொருவர் கை கொடுக்காமல் படுக்கவும் எழவும் முடியாதவர்கள் அதில் பலர். மூன்று வாரத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சி சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது. தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் துணை நின்றன. தொலைபேசியைத் துண்டித்தபோது, காதுகேளாத தோழர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின.

இந்த ஆதரவு ஒரே நாளில் திரண்டது இல்லை. உள்ளே போவதற்கு முன்பே, போராட்டத்தை ஒருங்கிணைத்த கிட்டி கோன் போன்றவர்கள் அமைப்பு அமைப்பாகப் போய்ப் பேசியிருந்தார்கள். பிராட் லோமாக்ஸ் என்பவர் கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர். சக்கர நாற்காலியில் இருந்தவர். அந்தப் போராட்டத்திலும் உட்கார்ந்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் தங்கள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கும் வர வேண்டும் என்று அதற்கு முன்பே உழைத்தவர். இப்படி இரண்டு பக்கமும் உறவுள்ள ஒருவர் உங்கள் ஊழியர்களுக்குள்ளும் இருப்பார். தேடுங்கள். அழைப்புக் கடிதத்தைவிட அவர் வழியாகப் போகிற பேச்சு வெகுதூரம் போகும்.

அடுத்த அமைப்பின் கூட்டத்துக்கு முதல்முறை போகும்போது உங்கள் மனுவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் இப்போது எதற்காக அலைகிறார்கள், யாருக்கு வழக்கு நடக்கிறது, ஆள் எங்கே குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாற்காலி தூக்கவோ துண்டறிக்கை கொடுக்கவோ ஆள் வேண்டும் என்றால் நீங்களே போய் நில்லுங்கள். அப்புறம் கேட்கும்போது "ஆதரவு தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். ஒரு வழக்கறிஞரின் இரண்டு மணி நேரம், கூட்டம் நடத்த ஓர் அறை, மொழிபெயர்க்க ஓர் ஆள் என்று அவர்களால் முடிந்ததைக் குறிப்பாகக் கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் முடியும், முடியாது என்று பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது.

கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கூட்டறிக்கை வரைவில் எல்லாரும் எழுதிய எல்லாமே இருக்கிறது. 1992-இல் கண்ணிவெடிகளுக்கு எதிரான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கியவை 6 அமைப்புகள். மனித உரிமைக்காரர்கள், மருத்துவர்கள், முன்னாள் போர் வீரர்கள் என்று வெவ்வேறு பின்னணி. ஆனால் மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளுக்கு முழுத் தடை வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உங்கள் வரைவில் எதை விட்டுக்கொடுக்கவே முடியாதோ அதை மட்டும் வையுங்கள். மற்றதை அவரவர் மேடையில் அவரவர் பேசட்டும்.

சரி, எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 1965 செப்டம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள். லாரி இட்லியாங் அவர்களின் தலைவர். ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தாரை வைத்து உடைப்பது முதலாளிகளின் பழைய வழக்கம். அது தெரிந்துதான் அவர், மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்கள் பெரும்பாலாக இருந்த சீசர் சாவேசின் சங்கத்தை அழைத்தார். சில நாட்களிலேயே அவர்களும் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு இரண்டும் ஒரே சங்கமாயின. 1970-இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெற்றிதான். ஆனால் பெரிய பங்காளியின் பெயரே உலகத்துக்குத் தெரிந்தது. பிலிப்பினோக்கள் தாங்கள் ஓரங்கட்டப்பட்டதாக உணர்ந்தார்கள். 1971-இல் இட்லியாங் சங்கத்தைவிட்டு விலகினார்.

உங்கள் கூட்டமைப்பில் பெரிய அமைப்பு நீங்கள்தான். அதனால் மைக் யார் கையில், பத்திரிகையாளரிடம் யார் பேசுவது, வசூலான பணத்துக்குக் கணக்கு யார் வைப்பது, சிறிய அமைப்பு வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு, ஒருவர் மேல் வழக்கு வந்தால் செலவு யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். கசப்பு வந்த பிறகு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கூட்ட நேரத்தையும் பாருங்கள்: ஷிப்ட் வேலைக்காரர்களும் கைக்குழந்தை உள்ள பெண்களும் வர முடியாத நேரத்தில் எடுத்த முடிவை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

இந்த வாரமே வராத அமைப்புகளில் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அவர்களுக்கு இப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். திரும்பி வந்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டறிக்கையை இருவரும் சேர்ந்து திருத்துவோம்.

தோழமையுடன்