தக்காளியின் அடி கறுப்பும் கழுவாத கோகோபீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டம் நெருங்கினாலே மாடித்தோட்டக் கேள்விகள் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் நாளிதழ்களின் வீட்டுப் பக்கங்களிலும் குவியத் தொடங்கிவிடும். பார்வையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நாலே நாலு: இலை ஏன் மஞ்சளாகிறது, தக்காளிக் காயின் அடி ஏன் கறுக்கிறது, மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது, தளம் பாரம் தாங்குமா. பதிலும் கேள்விக்கு ஒரு மருந்தாக வந்துவிடுகிறது. மஞ்சளுக்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), தக்காளிக்கு முட்டை ஓடு. செடி வளர்க்கும் பைக்குள் என்ன கலவை இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. முதல் இரண்டு தொல்லைகளுக்கும் பல வீடுகளில் காரணம் ஒன்றுதான்: கழுவாமல் அப்படியே போட்ட கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள்.

தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்த இடத்துத் தூளில் சோடியம் ஏறியிருக்கும். நன்னீரில் ஊறிய மட்டையிலும் பொட்டாசியம் இயல்பாகவே அதிகம். இந்த இரண்டையும் தூள் தன்மேல் பிடித்து வைத்திருக்கும்; நாம் போடும் உரத்தில் கால்சியமும் மெக்னீசியமும் வந்ததும் அவற்றை இழுத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கழற்றி விடும். செடிக்குப் போகவேண்டிய கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, கோகோபீட்டே எடுத்துக்கொள்கிறது. அதன் விளைவுதான் தக்காளியின் அடியில் முதலில் நீர் கோத்ததுபோலத் தோன்றி, பிறகு பழுப்பாகித் தோல்போல இறுகும் அந்த வட்டம். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்தப் போக தக்காளிக்கு அது உதவாது.

கழுவும் முறையை அளவோடு சொல்கிறோம். 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்றை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் போட்டால் ஒரு மணி நேரத்தில் உதிர்ந்து, சுமார் 60 முதல் 70 லிட்டர் தூளாக உப்பும். நிழல்வலைத் துண்டிலோ பழைய வேட்டியிலோ கொட்டி, மூட்டையாகக் கட்டிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இறங்கும். வெளிர் வைக்கோல் நிறம் வரும்வரை, குறைந்தது மூன்று நான்கு முறை, புதுத் தண்ணீர் விட்டுப் பிழிய வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் பேனா இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் பிழிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 200-க்குள் வந்துவிட்டால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரே 1500 காட்டும் தெருக்களில் அந்த நீரால் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. மழைநீரோ உப்பு குறைந்த லாரித் தண்ணீரோதான் சரி.

கழுவிய தூளை 20 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஒருமுறை அலசிவிட்டால், ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் இறங்கிவிடும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் பைக்கு 20 முதல் 25 கிராம் ஜிப்சம் கலக்கலாம். அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் நடவுக்குப் பத்து நாள் முன்பே கலந்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் அடி கறுத்தால் தண்ணீர் விடும் ஒழுங்கைப் பாருங்கள். கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே நகரும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால், நல்ல கலவையிலும் காய் கெடும். கோடையில் காலை, மாலை என இரு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே முறை. கறுத்த காய் தேறாது, பறித்துப் போட்டுவிடுங்கள்.

இலை மஞ்சளுக்கு வருவோம். எந்த இலை என்று பார்க்காமல் எப்சம் உப்பு சொல்வது தவறு. அடி இலை நரம்போடு சேர்ந்து மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. மட்காத நார்த்தூளில் கார்பன் தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் செடிக்கு முந்திக்கொண்டு தழைச்சத்தை எடுத்துவிடும். இதற்கு 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால்தான் மெக்னீசியக் குறைவு; கழுவாத கோகோபீட் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதாலும் இது வரும். எப்சம் உப்பு அங்கேதான் வேலை செய்யும். கொழுந்து இலையில் அதே கோலம் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. அது பெரும்பாலும் வேரில் தண்ணீர் தேங்குவதால் வருவது, உப்பு போட்டால் தீராது.

தண்ணீர் தேங்குவது என்றதும் பையின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடச் சொல்கிறார்கள். மெல்லிய தூளிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலே கலவை நனைந்தபடியே நிற்கும். வேருக்குக் கிடைக்கும் உயரம்தான் குறைகிறது. பையின் அடியிலும் அடியோரப் பக்கங்களிலும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அதுவே வடிகால்.

தளத்தைப் பற்றிய பதில்கள்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. “லேசான பைதான், ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். 24 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பையில் வெறும் செம்மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் 35 கிலோ தாண்டும். செம்மண், கோகோபீட், தொழுவுரம் மூன்றும் சமபங்கு என்றால் ஏறத்தாழ 25 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. செம்மண் பை ஐந்தை நெருக்கி வைத்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். பாதியாக அறுத்த 200 லிட்டர் டிரம்மில் மாமரம் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பாரமானவை பீம் போகும் கோட்டிலும் சுவரோரத்திலும் இருக்கட்டும், நடுத்தளத்தில் வேண்டாம். மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் பொறியாளர் பார்க்காமல் தோட்டமே வேண்டாம்.

கசிவைப் பை வைப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டு, கீழே விட்டத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பைகளைத் தட்டோட்டின் மேல் நேராக வைக்காமல் செங்கல்லிலோ இரும்பு ஸ்டாண்டிலோ மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும். அடியில் காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஓட்டின் இணைப்பு எப்போதும் ஈரமாக இருக்கும், வேர் அங்கேதான் நுழையும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சொல்பவர்கள் சோப்பைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. இரண்டையும் முதலில் அடித்துக் கலந்து, பால்போல ஆன பிறகே ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

தங்கள் இதழின் தோட்டப் பக்கத்துக்குக் கேள்வி அனுப்பும் வாசகர்களிடம் பையின் அளவு, கலவையின் பங்கு, பாதிக்கப்பட்டது அடி இலையா கொழுந்தா என்ற மூன்றையும் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறோம். கோகோபீட் கழுவும் முறையை ஆடி பிறக்குமுன் ஒருமுறை வெளியிட்டால், இந்தப் பட்டத்துக்கே வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட ஆர்வலர்கள் சிலர்,
தாம்பரம்.